சொராரிட்டி வீட்டுக்கு நிதி: சரிசெய்த இரண்டு இடங்கள்

அமெரிக்கக் கல்லூரியில் சொராரிட்டி (மாணவியர் சங்கம்) உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் வீட்டின் பராமரிப்புக்காக முன்னாள் மாணவிகளிடம் நிதி கேட்டபோது இரண்டு இடங்களில் இடறியது.

முதலாவது வரி. வீட்டை நடத்தும் கழகம் பெரும்பாலும் 501(சி)(7) வகை, அதாவது அமெரிக்க வரிச் சட்டப்படி உறுப்பினர்களுக்கான சமூகக் கழகம். அதற்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிக்கழிவு கிடையாது. இதைக் கடிதத்தின் மேலேயே பளிச்சென எழுதினோம். கழிவு வேண்டுவோரை, நன்கொடைக்குக் கழிவு கிடைக்கும் வகையான 501(சி)(3) அறக்கட்டளைக்கு அனுப்பினோம். அந்தப் பணம் படிப்பறை போன்ற கல்விப் பகுதிக்குத்தான், சமையலறைக்குப் போகாது. ஒரு நன்கொடை 250 டாலரோ அதற்கு மேலோ இருந்தால், கழிவு கோர எழுத்துமூல ரசீது கட்டாயம்.

அடுத்தது, கடிதங்கள் திரும்பி வந்தது. பட்டியலில் இருந்ததெல்லாம் திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர்! சேர்ந்த ஆண்டுவாரியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு தோழியிடம் ஒப்படைத்தோம். நாலு போனில் முகவரி கிடைத்துவிடும். அட்டவணையில் இரு பெயருக்கும் தனிக் கட்டம் வையுங்கள். பழையதை அழித்தால் அடுத்த ஆண்டும் இதே பாடுதான்.