காசு கொடுத்த கேம் நம்ம கையில் இருக்க: பழைய கம்ப்யூட்டரும் லினக்ஸும்

எம்.கே.பி. நகரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் பிரின்ட், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், கரன்ட் பில் கட்டுவது, இதுதான் பிழைப்பு. கடையில் இரண்டு கம்ப்யூட்டர், இரண்டிலும் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளும் லினக்ஸ். ராத்திரி ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கியதும் அதில் ஒன்று கேம் மிஷினாக மாறிவிடும். இது தெருவுக்கே தெரியும். அதனால் வாரத்துக்கு ஒருவராவது வந்து, "அண்ணா, எங்க வீட்டு சிஸ்டத்துல விண்டோஸ் 11 ஏறாதாம். புதுசு வாங்கணுமா?" என்று கேட்கிறார்கள்.

வாங்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும் என்கிறது. நான்காம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவர் என்ன தப்பு செய்தார்? என் கேம் மிஷினே அதுதான். நன்றாக ஓடுகிறது.

ஆனால் லினக்ஸ் போட்டுக் கொடுப்பதோடு நான் நிறுத்துவதில்லை. கேம் எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் சொல்லித்தான் அனுப்புவேன். அதற்குக் காரணம் ஒரு மழை.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கடைக் கம்ப்யூட்டர்களை முந்தின நாளே மாடிக்குத் தூக்கியிருந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி கரன்ட் வந்தது, நெட் வரவில்லை. அக்கா குடும்பமும் எங்களோடுதான் இருந்தது. அக்கா பையன் "மாமா, ஏதாவது போடு மாமா" என்று ஒரே நச்சரிப்பு. தீபாவளிக்கு ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய கார் ரேஸ் கேம் ஒன்று இருந்தது. தனியாக ஓட்டுகிற கேம்தான், எதிரே வரும் காரையும் கம்ப்யூட்டரேதான் ஓட்டும். திறந்தால் "சர்வருடன் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று ஒரு பெட்டி, அதில் ஒரே ஒரு ஓகே பட்டன். அழுத்தினால் வெளியே தள்ளிவிட்டது. மொத்த கேமும் என் டிஸ்கில் கிடக்கிறது, திறக்க மட்டும் எந்த ஊரிலோ இருப்பவனிடம் அனுமதி கேட்க வேண்டுமாம்.

அப்புறம் ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமைப் போட்டுக் கொடுத்தேன். அது ஜிஓஜி என்ற இணையக் கேம் கடையில் வாங்கியது, யாரையும் எதுவும் கேட்காது. வெளியே தெருவெல்லாம் தண்ணீர், உள்ளே இவன் பூவாளியை வைத்துக்கொண்டு பார்ஸ்னிப் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் மிஷின்

ராம் 8 ஜிபியாவது இருக்கட்டும். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், பாதி வேகம் அதிலேயே வந்துவிடும். கிராபிக்ஸ் கார்டுதான் முக்கியம். செகண்ட் ஹேண்டில் வாங்குவதென்றால் ஏஎம்டி ஆர்எக்ஸ் 570 அல்லது 580 தேடுங்கள். லினக்ஸில் ஏஎம்டிக்குத் தனியாக டிரைவர் போட வேண்டியதில்லை, திறந்த மூலமாகக் கூடவே வந்துவிடுகிறது. வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறி, சென்ட்ரலில் மெட்ரோ மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம். கடைக்காரர் "ஃப்ரெஷ் பீஸ் தம்பி" என்பார். அது கிரிப்டோ மைனிங்கில் ராப்பகலாக உழைத்த கார்டாக இருக்கலாம். அங்கேயே ஒரு சிஸ்டத்தில் செருகி, ஏதாவது ஒரு கேமை இருபது நிமிஷம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் கோடு விழுந்தாலோ, ஃபேன் கிரைண்டர் மாதிரி கத்தினாலோ வேண்டாம். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடை.

நம் பேட்டையில் பாதி வீட்டில் இருப்பது என்விடியா ஜிடி 710. அதை வைத்திருப்பவர்களுக்கு ஒரு ரகசியம், கீழே சொல்கிறேன்.

லினக்ஸ் போடுவது

இதை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. லினக்ஸ் மின்ட் இறக்குங்கள். வென்டாய் என்ற இலவச மென்பொருளால் ஒரு பென்டிரைவைத் தயார் செய்து, இறக்கிய ஃபைலை அதில் காப்பி செய்யுங்கள். பென்டிரைவிலிருந்தே மின்ட் ஓடும். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அப்புறம் டிஸ்கில் ஏற்றுங்கள். வீட்டு போட்டோ, சர்டிபிகேட் ஸ்கேன் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். கல்யாண வீடியோவை அழித்துவிட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு.

என்விடியா கார்டு என்றால் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரை என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கேம் வாங்கி ஆடும் இணையக் கடையான ஸ்டீமை சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடினால் இரண்டு வகை காட்டும், ஃப்ளாட்பேக் அல்லாததைப் போடுங்கள். இன்னொன்று, பழைய விண்டோஸ் டிஸ்கில் இருக்கும் கேம் ஃபோல்டரை அப்படியே காட்டி ஓட்டப் பார்க்காதீர்கள். அந்த டிஸ்க் விண்டோஸுக்கான என்டிஎஃப்எஸ் வகை. கேம் திறந்த மாதிரி திறந்து மூடிக்கொள்ளும், எதனால் என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். எனக்குப் போயிருக்கிறது. கேம் வைக்கும் டிஸ்கை லினக்ஸுக்கான இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்துவிடுங்கள்.

நான் லினக்ஸைப் பார்த்ததே அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில்தான். 2012, பிளஸ் டூ. ஆன் செய்தால் விண்டோஸா பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பாஸ், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கில், நம்ம சென்னையில் உருவானது. கிளாஸில் எல்லோரும் முதல் வாரமே அதை அழித்துவிட்டார்கள், எனக்கு அழிக்கத் தெரியவில்லை. நாலாம் மாதம் வைரஸ் வந்து விண்டோஸ் படுத்தபோது என் லேப்டாப் மட்டும் ஓடியது.

புரோட்டான் என்றால்

விண்டோஸுக்குச் செய்த கேம் லினக்ஸில் எப்படி ஓடும்? ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். நாம் சொல்வதை ஆபீஸுக்குப் புரியும் பாஷையில் எழுதிக் கொடுப்பார். புரோட்டான் அந்த ஆள். உள்ளே இருப்பது 1993-இல் தொடங்கிய ஒயின் என்ற மென்பொருள். கூடவே டிஎக்ஸ்விகே என்று ஒன்று, விண்டோஸில் படம் வரையும் டைரக்ட்3டி கட்டளைகளை, லினக்ஸிலும் ஓடும் வல்கன் கட்டளைகளாக மாற்றும். இதையெல்லாம் கட்டி, ஸ்டீமுக்குள்ளேயே வைத்து 2018 ஆகஸ்டில் ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனி வெளியிட்டது. அதற்கு முன் ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாகப் போராட வேண்டும்.

வால்வ் தருமம் செய்யவில்லை. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதே அதன் தலைவர் கேப் நியூவெல் அதைப் பேரழிவு என்றார். மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கடையைத் திறந்தால் ஸ்டீம் என்னாகும் என்ற கவலை. அவருடைய கவலையில் நமக்கு லாபம், அவ்வளவுதான்.

ஸ்டீம் செட்டிங்ஸில் கம்பாடிபிலிட்டி பகுதியைப் பாருங்கள். எல்லா கேமுக்கும் புரோட்டான் அனுமதி இருக்க வேண்டும். புதுப் பதிப்புகளில் தானாகவே இருக்கும். ஏதாவது ஒரு கேம் தகராறு செய்தால், அதன் பெயரில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸ், கம்பாடிபிலிட்டி போய் வேறொரு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். ஜிடி 710 ரகசியம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கார்டுக்குக் கிடைக்கும் டிரைவர் வல்கன் 1.2-உடன் நின்றுவிட்டது. புரோட்டான் 8-இலிருந்து டிஎக்ஸ்விகே வல்கன் 1.3 கேட்கிறது. அதனால் புதுசு வைத்தால் கறுப்புத் திரைதான். புரோட்டான் 7-ஐத் தேர்ந்தெடுங்கள். பெரிய கேம்கள் ஓடாது, பத்து வருஷம் முந்தைய கேம்கள் ஓடும்.

வாங்கும் முன் படிக்க வேண்டியது

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தது. ஸ்டீமில் கேம் பக்கத்தைத் திறந்தால் எல்லோரும் டிரெய்லரையும் தள்ளுபடியையும் பார்க்கிறார்கள். நீங்கள் வலது பக்க ஓரத்தைப் பாருங்கள். சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். வேறொரு கம்பெனியின் கணக்கு தேவை என்று ஒன்று. மூன்றாம் தரப்பு டிஆர்எம், அதாவது பூட்டு, இருக்கிறது என்று ஒன்று. அந்தப் பூட்டு டெனுவோ வகை என்றால் பெயரே எழுதியிருக்கும். ஆன்ட்டி-சீட், அதாவது ஏமாற்றி ஆடுபவரைப் பிடிக்கும் காவலாளி, இருக்கிறது என்று ஒன்று. மூன்றும் இல்லாத கேம் என்றால் நிம்மதியாக மேலே படிக்கலாம்.

டெனுவோ இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. புரோட்டான் பதிப்பை மாற்றினால் அது வேறு கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொள்ளும். அரைமணிக்குள் ஐந்தாறு பதிப்பு மாற்றிப் பார்த்தால், 24 மணி நேரம் போய்விட்டு வா என்று வெளியே நிறுத்திவிடும். காசு கொடுத்தவனை!

அப்புறம் புரோட்டான்டிபி. ஒவ்வொரு கேமையும் லினக்ஸில் ஓட்டிப் பார்த்தவர்கள் எழுதும் இடம். பிளாட்டினம், கோல்டு என்று பட்டம் இருக்கும். பட்டத்தை நம்பாதீர்கள், கடைசி ஒரு மாதத்தில் எழுதியவர்கள் என்ன சொல்கிறார்கள், உங்கள் மாதிரி கார்டு வைத்திருப்பவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். நேற்று ஓடியது இன்று ஓடும் என்று இல்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் 31-ஆம் தேதி, ஏமாற்றுக்காரர்கள் லினக்ஸ் வழியாக வருகிறார்கள் என்று சொல்லி மொத்தமாகக் கதவைச் சாத்தினார்கள். இத்தனைக்கும் ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ இரண்டுமே 2021-இலிருந்து புரோட்டானில் வேலை செய்யும். கேம் கம்பெனி அனுமதித்தால் போதும். அனுமதிப்பதில்லை என்பது அவர்கள் முடிவு. லினக்ஸின் குறை இல்லை.

"மாமா, வேலரன்ட் ஓடுமா?"

"ஓடாதுடா."

"ஏன் மாமா?"

அதன் காவலாளி வேன்கார்டு விண்டோஸின் கர்னல், அதாவது அடிமையம், வரை போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்கு வரும் விருந்தாளி பீரோ சாவி கேட்டால் கொடுப்போமா? பையனுக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. அவன் நண்பர்கள் எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள், அவன் வருத்தம் எனக்குப் புரிகிறது. வேலரன்ட், ஃபோர்ட்நைட் இல்லாமல் இருக்கவே முடியாது என்றால் லினக்ஸ் உங்களுக்கு வேண்டாம். இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். பொய் சொல்லி ஆள் சேர்த்து என்ன செய்யப்போகிறேன்?

வாங்கிய பிறகு ஓடவில்லையா? ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசு திரும்பி வரும். அதனால் வாங்கிய அன்றே ஓட்டிப் பாருங்கள். நெட்டைப் பிடுங்கிவிட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இந்தப் பரீட்சையைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, நானும் புயலுக்கு அப்புறம்தான் ஆரம்பித்தேன்.

எவ்வளவு தூரம் போவார்கள்

2014-இல் வந்த தி க்ரூ என்ற கார் கேமின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ஆம் தேதி அணைத்தது. தனியாக ஆடும் பகுதியும் சேர்ந்து செத்தது. வாங்கியவர்கள் கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுத்தார்கள். ஒரு கேரம் போர்டு வாங்குகிறோம், பத்து வருஷம் கழித்து விற்றவர் வந்து ஸ்ட்ரைக்கரைப் பிடுங்கிக்கொண்டு போனால் சும்மா இருப்போமா? அதுவும் கேரமில் உலகக் கோப்பை வாங்கி வந்த காசிமாவின் வடசென்னையில்! ராஸ் ஸ்காட் என்பவர் சும்மா இருக்கவில்லை. கேம்களைக் கொல்லாதே என்று அவர் தொடங்கிய இயக்கத்துக்கு 2025 ஜூலையில் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. அதற்கு முன்பே, 2024 செப்டம்பரில், தி க்ரூ 2-க்கு நெட் இல்லாமல் ஆடும் வசதி தருவதாக யூபிசாஃப்ட் அறிவித்தது. கத்தினால் காதில் விழுகிறது.

சோனி இதை எப்போதோ செய்துவிட்டது. பிளேஸ்டேஷன் 3-இல் லினக்ஸ் போடலாம் என்று சொல்லி விற்றது. 2010 ஏப்ரல் 1 அன்று ஒரு அப்டேட்டில் அந்த வசதியை எடுத்துவிட்டது. தேதியைப் பாருங்கள்.

ஸ்டீமும் புனிதம் இல்லை. கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வரப்போகிறது என்றதும், 2024 அக்டோபரிலிருந்து காசு கட்டும் பக்கத்தில் நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்று ஒரு வரி போடுகிறார்கள். அதுவரையிலும் அதேதான், சொல்லாமல் இருந்தார்கள். சின்ன வயதில் பர்மா பஜாரில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய திருட்டு சிடி ஒன்று இன்னும் ஓடுகிறது. நியாயமாக ஆயிரம் கொடுத்தது ஓடவில்லை. திருட்டை நான் நியாயப்படுத்தவில்லை. செய்தவனுக்குக் கூலி போக வேண்டும். ஆனால் யோக்கியனைத் தண்டிக்கிற பூட்டு யாருக்காக?

காசு போய்விட்டது, கடைக்காரர் பதில் சொல்லவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இணைய வணிகம் என்பதில் டிஜிட்டல் பொருட்களையும் சேர்த்தே சொல்கிறது. ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பில், திரையின் ஸ்கிரீன்ஷாட், அனுப்பிய மெயில் மூன்றையும் தேதியோடு பிரின்ட் எடுத்து வையுங்கள். பிரின்ட்டுக்கு என் கடை இருக்கிறது.

வாங்கியதைப் பத்திரப்படுத்துவது

ஒரே கேம் ஸ்டீமிலும் ஜிஓஜியிலும் கிடைத்தால், நூறு ரூபாய் கூட இருந்தாலும் நான் ஜிஓஜியில் வாங்குவேன். அங்கே பூட்டு கிடையாது. அவர்களுடைய கேலக்ஸி மென்பொருள் லினக்ஸுக்கு இல்லை என்பது எனக்குத் தீராத குறை. ஹீரோயிக் என்ற திறந்த மூல மென்பொருளைப் போட்டு அதன் வழியாக ஆடலாம். ஆனால் அதோடு விடாமல், ஜிஓஜி கணக்கில் நுழைந்து ஆஃப்லைன் இன்ஸ்டாலர் என்று இருப்பதைத் தனியாக இறக்கி வையுங்கள். பெரிய கேம் பல துண்டாக வரும், எல்லாத் துண்டையும் இறக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் வீண்.

நான் ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்கில் கேமுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, கூடவே பில்லையும் எந்தப் புரோட்டானில் ஓடியது என்ற குறிப்பையும் வைக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்கைச் செருகி, ஏதாவது ஒன்றை ஏற்றிப் பார்ப்பேன். டிஸ்க் இருப்பது மாடியில், பரணில், பிளாஸ்டிக் கவரில். கடைச் சுவரில் மிக்ஜாம் தண்ணீர் போட்ட கோடு இன்னும் அழியவில்லை.