மாயன் பூமியில் சின்னக் குழுவோடு பஸ்ஸில் சுற்றுவது எப்படி

திட்டம் போடும்போது எல்லோரும் எத்தனை பிரமிடு பார்க்கலாம் என்றுதான் எண்ணுகிறோம், நானும் அப்படித்தான் எண்ணினேன். தெற்கு மெக்சிகோவில் பலென்கேயிலிருந்து சான் கிறிஸ்டோபலுக்கு மலை ஏறிக்கொண்டிருந்த வேனில், வேகத்தடை மாற்றி வேகத்தடையாகத் தூக்கிப்போட்டு வயிறு கலங்கிக்கொண்டிருந்தபோதுதான், எண்ண வேண்டியது பஸ்ஸில் உட்காரும் மணிநேரத்தை என்று புரிந்தது. அதனால் முதல் விதி: ஒரு முழுநாள் பஸ்ஸில் போனால், போய்ச் சேர்ந்த ஊரில் குறைந்தது இரண்டு இரவு. இதற்கு ஒத்துவராத ஊரைப் பட்டியலிலிருந்து தயங்காமல் அடித்துவிடுங்கள்.

மாயன் நாடு என்று வரைபடத்தில் தனியாக ஒன்று கிடையாது. மெக்சிகோவின் யுகடான் தீபகற்பமும் சியாபாஸ் மாநிலமும், குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸின் மேற்குப் பகுதி, எல் சால்வடோரில் கொஞ்சம், இவ்வளவும் சேர்ந்ததுதான். அந்தப் பிரமிடுகளைக் கட்டிய மாயர்கள் என்றோ மறைந்துபோனவர்கள் என்ற நினைப்போடு போகாதீர்கள். குவாத்தமாலாவில் மட்டும் 22 மாயன் மொழிகள் இன்றும் பேச்சில் இருக்கின்றன. பஸ்ஸில் உங்கள் தோளில் சாய்ந்து தூங்குகிற பாட்டிக்கு ஸ்பானிஷ் இரண்டாம் மொழியாக இருக்கலாம்.

மூன்று வாரம் இருந்தால் ஒரு வட்டம் அடிக்கலாம். கான்கூனில் தொடங்கி வல்லடோலிட், மெரிடா, பலென்கே, சான் கிறிஸ்டோபல், எல்லை தாண்டி அதித்லான் ஏரி, ஆன்டிகுவா, அப்புறம் வடக்கே ஃப்ளோரஸ், டிகால் இடிபாடுகள், அங்கிருந்து பெலீஸ், செட்டுமால் வழியாக மறுபடி கான்கூன். இரண்டு வாரம்தான் என்றால் பலென்கேயிலிருந்து மலைப்பக்கம் போகாமல் ஃபிரான்டெரா கொரோசால் போய், எல்லையாக ஓடும் உசுமசின்டா ஆற்றைப் படகில் கடந்து, அக்கரையில் வேன் பிடித்து ஃப்ளோரஸ் போய்விடுங்கள். போகிற வழியில் யாஷ்சிலான் என்கிற மாயன் இடிபாடும் பார்க்கலாம். படகில் மட்டுமே போகக்கூடிய இடம் அது, கூட்டமே இருக்காது. மலையையும் பார்க்கணும், கடலையும் பார்க்கணும், பத்தே நாள்தான் என்று சொல்கிறவர்களுக்கு என்னிடம் வழி இல்லை.

குழுப் பயணத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் நாலு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். எந்தெந்தத் தூரம் பொது பஸ், எந்தெந்தத் தூரம் தனி வேன்? எத்தனை பேர்? பன்னிரண்டைத் தாண்டினால் சாப்பாட்டு பில் பிரிக்கவே ஒரு மணிநேரம் போகும். நுழைவுக் கட்டணமும் எல்லைக் கட்டணமும் சேர்த்தியா? இதில்தான் நான் ஏமாந்தேன்: "டிகால் சேர்த்தி" என்று எழுதியிருந்ததற்கு, டிகால் வாசல்வரை வண்டி சேர்த்தி என்றுதான் அர்த்தமாம். கடைசியாக, தனியாக வருகிறவருக்கு அறை எப்படி, யாரோடு?

விசா விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா வேண்டும், கையில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் அதுவே போதும். மற்ற நாடுகளின் விதியைக் கிளம்பும் முன் அந்தந்தத் தூதரகத்தில் பாருங்கள். வட்டமாகச் சுற்றினால் மெக்சிகோவுக்குள் இரண்டு தடவை நுழைகிறீர்கள், அதை மறந்துவிட்டு ஒரே நுழைவு விசாவோடு வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இப்போது பஸ். மெக்சிகோவில் தொலைதூர பஸ் நல்ல வசதி: சீட் எண், சாயும் இருக்கை, கழிப்பறை. ஆனால் ஏசி மட்டும் குளிர்பதனக் கிடங்குதான். வெளியே கொதிக்கும், உள்ளே பல் தந்தி அடிக்கும். ஸ்வெட்டரை அடியில் போகிற பெரிய பையில் வைத்துவிட்டு ராத்திரி முழுக்க விறைத்துக்கொண்டு வந்தவன் சொல்கிறேன், ஸ்வெட்டர், சாக்ஸ், தண்ணீர், மாத்திரை, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில். பெரிய பை நாற்பது லிட்டரைத் தாண்ட வேண்டாம், ஏனென்றால் அதைப் படகிலும் வேன் கூரையிலும் நீங்களேதான் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஒரு பொறி: கான்கூன், துலும் இருக்கிற கின்டானா ரூ மாநிலத்துக்கு ஒரு நேரம், பக்கத்து யுகடான் மாநிலத்துக்கு ஒரு மணிநேரம் பின்னால். போகும்போது ஒரு மணி லாபம், திரும்பும்போது நஷ்டம். டிக்கெட்டில் இருப்பது புறப்படும் ஊரின் நேரம். குழுவில் யாராவது ஒருவருடைய கைபேசி எப்போதும் தப்பான நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், அவருக்காகத்தான் மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

பலென்கே–சான் கிறிஸ்டோபல் சாலை நேர்க்கோட்டில் பார்த்தால் கைக்கெட்டும் தூரம். ஒகோசிங்கோ வழியாகப் போகும் அந்த மலைப்பாதையில் வளைவும் வேகத்தடையும் போக, ஊர்க்காரர்கள் கோரிக்கைக்காகச் சாலையை மறிப்பதும் உண்டு. அதனால் வில்லாஎர்மோசா பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிற பஸ்களும் இருக்கின்றன, நேரம் கூடும், வயிறு பிழைக்கும். இருட்டிய பிறகு அந்த மலைப்பாதையில் போக ஒத்துக்கொள்ளாதீர்கள். குவாத்தமாலா மலைச் சாலைகளுக்கும் இதே பேச்சுதான்.

சான் கிறிஸ்டோபலிலிருந்து அதித்லானுக்கு ஒரு முழுநாள். எல்லையில் வண்டி மாறும், மெக்சிகோ வேன் இந்தப் பக்கம் விட்டுவிடும், குவாத்தமாலா வேன் அந்தப் பக்கம் நிற்கும். மெக்சிகோவின் குடிவரவு அலுவலகம் எல்லைக் கோட்டிலிருந்து சில கிலோமீட்டர் முன்னாலேயே இருக்கிறது, ஓட்டுநர் அவசரத்தில் தாண்டிவிடப் பார்த்தாலும் இறங்கி வெளியேறும் முத்திரை வாங்கிவிடுங்கள். சான் கிறிஸ்டோபலில் இருக்கும்போதே பக்கத்து ஊரான சான் ஹுவான் சமுலா போய் வாருங்கள். தேவாலயத்துக்குள் பெஞ்ச் இல்லை, தரையெல்லாம் பைன் ஊசி இலை, நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்தி. உள்ளே படம் எடுக்கத் தடை, கேமராவைப் பையை விட்டே எடுக்காதீர்கள்.

குவாத்தமாலாவில் வெளிநாட்டார் சிக்கன் பஸ் என்றும் ஊர்க்காரர்கள் கமியோனெட்டா என்றும் சொல்வது அமெரிக்காவில் ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து, மேலே தேர் மாதிரி வண்ணம். குழந்தைகள் இரண்டு பேருக்கான சீட்டில் பெரியவர்கள் மூன்று பேர். அயுதான்தே என்கிற உதவியாள் பையைக் கூரையில் கட்டுவார், ஊர் பெயரைக் கூவுவார், ஓடுகிற வண்டியில் கூட்டத்தை நீந்தி வந்து காசு வாங்குவார். கட்டணத்தை முன்கூட்டியே பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேரும் பெரிய பைகளோடு ஒரே வண்டியில் ஏறுவது அந்த வண்டிக்கு அநியாயம். ஆசைக்கு ஒரு தடவை, பைகளை விடுதியில் வைத்துவிட்டு, பகலில், மூன்று நான்கு பேராகப் பிரிந்து, அதித்லான் ஏரிக்கரையில் இருக்கிற பனாஹச்செலிலிருந்து சோலோலாவுக்கு ஏறுங்கள். செங்குத்தான ஏற்றம், கீழே ஏரி முழுசாகத் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் போனால் மேலே சந்தை. சிச்சிகாஸ்டெனாங்கோ சந்தை வியாழனும் ஞாயிறும், உங்கள் நாட்கணக்கை அதற்கேற்ப நகர்த்துங்கள். ஏரியில் படகுக்குக் காலை நேரம் நல்லது, மதியத்துக்கு மேல் ஷோகோமில் என்கிற காற்று கிளம்பினால் படகு தூக்கித் தூக்கி அடிக்கும்.

சாப்பாடு நமக்குக் கஷ்டமில்லை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை, தோர்தியா ரொட்டியோ, இலையில் சுற்றி வேகவைத்த தமாலோ. சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று சொன்னால் மாடு, பன்றி இல்லாமல் கோழி வரும். "சின் போயோ" (கோழி இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், அதன் பெயர் மன்டேக்கா, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

இடிபாடுகளுக்கு ஒரே தந்திரம்தான், பக்கத்து ஊரில் முந்தின ராத்திரி தங்குவது. சிச்சென் இட்சாவுக்கு வல்லடோலிடில் தங்கி, கதவு திறக்கிற நேரத்துக்கே போய்விட்டால் கான்கூன் பஸ்கள் வருவதற்குள் முடித்துவிடலாம். பெரிய பிரமிடில் பக்கத்துக்கு 91 படி, நாலு பக்கமும் மேல்தளமும் சேர்த்தால் 365. கீழே நின்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான், ஏற விடுவதில்லை. பலென்கேயில் கல்வெட்டுக் கோவிலுக்குள்ளிருந்துதான் 1952-ல் பகால் மன்னனின் கல்லறை கிடைத்தது. டிகாலில் நான்காம் கோவிலுக்கு மரப்படி போட்டிருக்கிறார்கள், அறுபது மீட்டருக்கு மேல் உயரம், காட்டுக்கு மேலே மற்ற கோவில்களின் தலை மட்டும் தெரியும். விடியலில் கர்ஜனை கேட்டால் ஜாகுவார் என்று பயப்படாதீர்கள், ஊளைக் குரங்கு.

பெலீஸுக்குள் நுழைந்ததும் ஆங்கிலம், குழுவுக்கே மூச்சு வரும். இரண்டு பெலீஸ் டாலருக்கு ஒரு அமெரிக்க டாலர், விலை சொன்னால் எந்த டாலர் என்று கேளுங்கள். தரைவழியாகப் பெலீஸை விட்டு வெளியேறும்போது ஒரு கட்டணம் உண்டு, அதைத் தனியாக எடுத்து வையுங்கள். கையில் மிஞ்சிய குவாத்தமாலா பணமான கெட்சால் நோட்டுகளைக் குவாத்தமாலா பக்கத்து எல்லை ஊரான மெல்சோரிலேயே மாற்றிவிடுங்கள். நான் நாற்பது கெட்சாலை மறந்து பெலீஸுக்குள் கொண்டுபோய் மூன்று கடையில் நீட்டிப் பார்த்தேன், ஒருவர்கூட வாங்கவில்லை.