பெர்னீஸ் நாய்களின் நோய் ஆய்வுக்கு உதவுகிறீர்களா? செக் எழுதியதோடு நின்றுவிடாதீர்கள்

பெர்னீஸ் மவுண்டன் டாக், சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதிப் பண்ணைகளில் மாடு ஓட்டவும் பால் வண்டி இழுக்கவும் பழக்கப்பட்ட நாய். பெரிய உடம்பு, சாதுவான குணம். ஆயுள்தான் குறைவு, சராசரியாக ஏழெட்டு வருடம். ஹிஸ்டியோசைட்டிக் சர்கோமா என்ற புற்றுநோய் அதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்த இனத்தில் ஏறக்குறைய நான்கில் ஒன்றை அது தாக்குவதாகக் கணக்கு. தெரிய வந்தபின் பெரும்பாலும் சில மாதங்கள்தான் மிச்சம். அப்படி ஒரு நாயைப் பறிகொடுத்தவர்கள் ஆய்வுக்கு உதவ முன்வருவது இயல்பு. அமெரிக்காவில் அதற்கு வழிகள் நிறைய. சொதப்பவும் இடம் நிறைய.

முதலில் பண விஷயம், சீக்கிரம் முடித்துவிடலாம். நாய் இனக் கிளப்பும் அறக்கட்டளையும் ஒன்றல்ல. கிளப்புக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பெரும்பாலும் வரிச்சலுகை கிடையாது. அதனால்தான் பெர்னீஸ் நாய்களுக்கான பெர்னர்-கார்ட் அறக்கட்டளை, எல்லா நாய்களின் உடல்நல ஆய்வுக்கும் உதவ 1995-இல் தொடங்கிய ஏகேசி (அமெரிக்கன் கென்னல் கிளப்) கேனைன் ஹெல்த் ஃபவுண்டேஷன் போன்றவை தனி அமைப்புகளாக இயங்குகின்றன. எந்த நோய்க்கான ஆய்வுக்கு என்று எழுத்தில் குறிப்பிட்டுக் கொடுங்கள். நிதி திரட்ட நடத்தும் ராஃபிள் (பரிசுக் குலுக்கல்) சீட்டு வாங்கியதை நன்கொடைக் கணக்கில் காட்ட முடியாது. ஏலத்தில் பொருள் எடுத்தால், அதன் சந்தை விலைக்கு மேல் கொடுத்த தொகை மட்டுமே நன்கொடை.

பெரிய தவறு இதற்கு அப்புறம்தான் வருகிறது. பணம் கொடுத்ததும் நம் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆய்வகத்துக்குப் பணத்தைவிடக் கிடைக்க அரிதான பொருள் ஒன்று உண்டு: நம்பகமான தகவலோடு வரும் ரத்தமும் திசுவும். பெர்னர்-கார்ட், பெர்னீஸ் நாய்களின் வம்சாவளி, நோய், இறப்புக் காரணம் ஆகியவற்றை யாரும் பார்க்கும்படி தொகுத்து வைத்திருக்கிறது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாதிரிகளைச் சேமிக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறது. ஆனால் "என் நாய் நன்றாகத்தானே இருக்கிறது, அதன் ரத்தம் எதற்கு?" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நோயுற்ற நாயின் மரபணுவில் தெரியும் வித்தியாசம் நோயால் வந்ததா, இனத்துக்கே பொதுவானதா என்பதை ஆரோக்கியமான நாயோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். பத்து வயது தாண்டியும் புற்றுநோய் எட்டிப் பார்க்காத பெர்னீஸ் இருந்தால் அது ஆய்வாளர்களுக்குப் புதையல்.

இறப்புக் காரணத்தை "வயதாகிவிட்டது" என்று எழுதுவதும் இதே வகை. ஆறு வயது நாய்க்குக்கூட அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. எக்ஸ்ரேயில் கட்டி தெரிந்தது என்பதும் போதாது. இந்தப் புற்றுநோய் வேறு சில கட்டிகளைப் போலவே தோற்றம் காட்டும். நோயியல் நிபுணர் திசுவை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். பெயர் கெடுமே என்று மறைக்கும் வளர்ப்பாளர்களைப் பற்றி என்ன சொல்வது! அவர்கள் மறைக்கும் ஒவ்வொரு நோயும், அடுத்த இணைசேர்க்கையைத் திட்டமிடுகிறவரின் கணக்கைத் தவறாக்குகிறது.

இன்னொன்று, சொல்லவே கஷ்டமான விஷயம். நாய் இறந்தபின் பதற்றத்தில் உடலை ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார்கள். உறைந்தால் செல்கள் சிதையும், திசுவைப் படிப்பது கடினமாகிவிடும். குளிர்ச்சியாக வைக்கலாம், உறைய விடக்கூடாது. மாதிரி எடுக்கும் கிட், கையெழுத்துப் போட வேண்டிய படிவம், யார் எடுப்பார், எங்கே அனுப்புவார் என்பதையெல்லாம் நாய் உயிரோடு இருக்கும்போதே மருத்துவரிடம் பேசி வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் தலை நிதானத்தில் இருக்காது.

அடுத்தது, முடிவை அவசரமாக எதிர்பார்ப்பது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் எலெய்ன் ஆஸ்ட்ராண்டரின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கப்பட்ட பெர்னீஸ்களில் 96 சதவீதத்திடம் ஒரு குறிப்பிட்ட மரபணுத் தொகுப்பு இருந்தது. "சரி, அது இருக்கிற நாயை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிட்டால் போதுமே" என்று தோன்றும். அதே தொகுப்பு ஆரோக்கியமான நாய்களிடமும் பரவலாக இருக்கிறது. எல்லாவற்றையும் விலக்கினால், ஏற்கெனவே குறுகிய இந்த இனத்தின் மரபணு வளம் இன்னும் சுருங்கி வேறு நோய்கள் தலைதூக்கும். பிரான்ஸில் ஒரு மரபணுப் பரிசோதனைகூட வந்திருக்கிறது. அதுவும் நோய் வரும், வராது என்று உறுதியாகச் சொல்வதில்லை. ஏ, பி, சி என்று அபாயத்தை வகைப்படுத்துகிறது, அவ்வளவுதான். இத்தகைய ஆய்வு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு வேறொரு நாய் இனத்தில் ஓர் உதாரணம்: விலங்குநல ஆய்வுக்கான மோரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன் 2012 முதல் 2015 வரை 3,044 கோல்டன் ரெட்ரீவர்களைச் சேர்த்து, அவற்றை வாழ்நாள் முழுக்கத் தொடர்கிறது. இந்த வேகத்தில் நடக்கும் வேலைக்குப் பணம் கொடுத்துவிட்டு மறுவருடமே "மருந்து எங்கே?" என்று கேட்பது நியாயமில்லை.

இறந்த நாயின் நினைவாகப் பணம் கொடுக்கிறீர்கள் என்றால், அதே வாரத்தில் மருத்துவரிடமிருந்து நோயியல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, நாயின் பதிவுப் பெயரோடு பெர்னர்-கார்ட் தகவல் தொகுப்புக்கும் அனுப்பிவிடுங்கள். தள்ளிப்போட்டால் மறந்துவிடும்.