எந்த ஒலிம்பியாட் தேர்வை எழுதுவது? ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை

படி 1: அந்தத் தேர்வு எங்கே கொண்டுசேர்க்கிறது என்று பாருங்கள். பள்ளிகளில் கட்டணம் வாங்கி நடத்தப்படும் தனியார் தேர்வுகள் பலவற்றின் பெயரிலும் ‘ஒலிம்பியாட்’ இருக்கும். பதக்கம் கிடைக்கும், சர்வதேச ஒலிம்பியாடுக்குச் செல்லும் இந்திய அணிக்கு வழி கிடைக்காது. அந்த வழி, கணிதத்துக்கு ஐஓக்யூஎம் (IOQM) என்ற தகுதித் தேர்விலும், இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல் ஆகியவற்றுக்கு என்எஸ்இ (NSE) எனப்படும் தேசிய அளவிலான தேர்வுகளிலும், கணினிக்கு இஸட்ஐஓ (ZIO), இஸட்சிஓ (ZCO) எனும் மண்டலத் தேர்வுகளிலும் தொடங்குகிறது.

படி 2: பாடத்தின் பெயரைவிட வினாத்தாளின் குணத்தைப் பாருங்கள். ஐஓக்யூஎம் தேர்வில் 3 மணி நேரம், 30 வினாக்கள். ஒவ்வொரு விடையும் 0 முதல் 99 வரையிலான முழு எண். ‘1 முதல் 100 வரையிலான எண்களில் 2, 3, 5 ஆகிய எதனாலும் வகுபடாதவை எத்தனை?’ என்பது அதன் எளிய வினாக்களின் சாயல். ஒவ்வொன்றாக எழுதி எண்ணினாலும் 26 என்ற விடை வரும். ஆனால் 100-லிருந்து 2, 3, 5 ஆகிய ஒவ்வொன்றின் மடங்குகளையும் கழித்துவிட்டு, இருமுறை கழிக்கப்பட்டவற்றைத் திரும்பக் கூட்டி, இறுதியில் 30-இன் மடங்குகளைக் கழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே தோன்றும் மாணவருக்கு இந்தத் தேர்வு பிடித்துப்போகும். இதில் நுண்கணிதம் தேவையில்லை என்பதால், ஒன்பதாம் வகுப்பு மாணவரும் துணிந்து எழுதலாம்.

இயற்பியலுக்கான என்எஸ்இபி இதற்கு நேர்மாறானது. 2 மணி நேரத்தில் 60 வினாக்கள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு, பாடத்திட்டமோ பிளஸ் ஒன், பிளஸ் டூ அளவு. ஜேஇஇ தேர்வுக்குப் படிப்பவருக்கு இதற்கெனத் தனி உழைப்பு அதிகம் தேவைப்படாது. இஸட்ஐஓ கணினித் தேர்வுதான் என்றாலும் தாளில் எழுதுவது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் அதிலிருந்து தொடங்கலாம், இஸட்சிஓ-வுக்குத்தான் நிரலாக்கம் வேண்டும்.

படி 3: நாட்காட்டியை எடுத்துவையுங்கள். ஐஓக்யூஎம் வழக்கமாகச் செப்டம்பரில், காலாண்டுத் தேர்வை ஒட்டி வரும். என்எஸ்இ நவம்பரில், அரையாண்டுத் தேர்வுக்குச் சற்று முன்னால். இரண்டுக்கும் முழுமூச்சாகத் தயாராவது பிளஸ் டூ ஆண்டில் நடக்காத காரியம் என்பது என் கருத்து.

படி 4: பணம் கட்டுவதற்கு முன், பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். மதிப்பெண்ணைப் பெரிதுபடுத்த வேண்டாம். நேரம் முடிந்த பிறகும் விடாமல் போட்டுப் பார்க்கத் தூண்டிய கணக்குகள் எந்தத் தாளில் அதிகமோ, அந்தத் தேர்வுக்கே விண்ணப்பியுங்கள்.