விளக்கு ஏற்றினால் தெரியும் தவறுகள்

கருங்கல்லில் ஒரு அடி தவறினால் அது மேலேயே கிடக்கும். அந்த இடத்தை ஒரு துணி மடிப்பாகவோ ஆபரணமாகவோ மாற்றிச் சமாளித்துவிடலாம். உள்ளே குடைந்து விளக்கு வைக்கும் அலபாஸ்டர் போன்ற ஒளி ஊடுருவும் கல் அப்படி விடாது. வேலை முடிந்து, பாலிஷ் போட்டு, உள்ளே பல்பை எரியவிட்ட பிறகுதான் மூன்று மாதத்துக்கு முன் ஓங்கி அடித்த அடி ஒரு மங்கிய நிழலாக வந்து நிற்கும். என் முதல் அலபாஸ்டர் சிற்பத்தில் அப்படிப் பதினேழு நிழல்கள். எண்ணிப் பார்த்தேன்.

அத்தனைக்கும் காரணம் ஒன்றுதான்: விளக்கை நான் கடைசியில்தான் வெளியே எடுத்தேன். கல் வாங்கப் போகும்போதே அது கையில் இருந்திருக்க வேண்டும்.

தவறு கடையிலேயே தொடங்குகிறது. அலபாஸ்டர் என்ற ஒரே பெயரில் இரண்டு கற்கள் உலவுகின்றன. இத்தாலியில் வோல்டெர்ரா ஊர்க்காரர்கள், ரோமானியருக்கு முன் அங்கே வாழ்ந்த எட்ருஸ்கர் காலத்திலிருந்து செதுக்கி வருவது ஜிப்சம் வகை. பழைய எகிப்தியர்கள் ஜாடியும் விளக்கும் செய்தது பெரும்பாலும் கால்சைட் வகை. தமிழ் விவிலியத்தில் பரிமளதைலம் வைத்த 'வெள்ளைக்கல் பரணி' என்று வருகிறதே, அதுவும் இந்தப் பெயரில் அழைக்கப்பட்ட கல்தான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் ஜிப்சம் 2, நகத்தால் கீறினாலே கோடு விழும். கால்சைட் 3, நகத்துக்கு அசையாது. அதைச் சுரண்டிய பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். எது என்று தெரியாமல் வாங்கினால் உளி, தண்ணீர், பாலிஷ் எல்லாமே தப்பாகப் போகும். மார்பிள் கடைகளில் பலகையாகக் கிடைக்கும் ஓனிக்ஸும் கால்சைட்தான். பின்னால் வலை ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். பலகை உடையாமல் இருக்க ஒட்டுவது அது. விளக்கு வைத்தால் வலையின் கட்டம் கட்டமான நிழல் அப்படியே தெரியும்.

கடைக்காரர் கல்லை நனைத்துக் காட்டுவார். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், பாலிஷுக்குப் பிறகு நிறம் எப்படி இருக்கும் என்பதற்கு அது நல்ல அடையாளம். ஆனால் மேற்பரப்பின் நுண்துளைகளில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது ஒளி சிதறாமல் உள்ளே போகும். காய்ந்தால் அந்த அளவு இராது. அதனால் காய்ந்த இடத்திலும் டார்ச்சை ஒட்டிவைத்துப் பாருங்கள். ஜிப்சம் அலபாஸ்டர் களிமண்ணுக்கு நடுவில் உருண்டை உருண்டையாகக் கிடைப்பது. களிமண் நரம்பு சில கற்களின் உள்ளே ஓடும். அது கறுப்புக் கோடாகத் தெரியும், பார்க்க அழகாகக்கூட இருக்கும். கல் உடைந்தால் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் உடையும். சுத்தியலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் சரி. டொக்கென்றால் வேறு கல் பாருங்கள்.

அடுத்து அடி. கருங்கல்லில் பழகிய கை உளியை நேர்செங்குத்தாக நிறுத்தி அம்மி கொத்துவது போலக் கொத்தும். எனக்கு அந்தப் பழக்கம்தான் இருந்தது. மென்மையான கல்லில் அப்படி விழும் ஒவ்வொரு அடியும் மேற்பரப்புக்குக் கீழே படிகங்களை நொறுக்கிவிடும். அதுதான் கல்லில் விழும் கன்றல். பகலில் வெள்ளைப் புள்ளி, விளக்கு எரிந்தால் நிழல். அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று வெளியே தெரியாது. உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடலாம் என்று இறங்கினால் கல்தான் குறையும், புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும். உளியை 45 டிகிரிக்கும் கீழே சாய்த்துப் பிடித்து, கல்லைச் சீவுவது போல ஓட்டுங்கள். இறுதி உருவத்துக்கு இன்னும் ஒன்றரை செ.மீ. இருக்கும்போதே கூர் உளியைக் கீழே வைத்துவிட்டு, பல் உளிக்கும் அரத்துக்கும் போய்விடுவது நல்லது. ஜிப்சத்தில் அரம் வெண்ணெயில் ஓடுகிற மாதிரி ஓடும், அவசரத்துக்கு அவசியமே இல்லை.

இப்போது பெரிய தவறுக்கு வருகிறேன். வெளிப்பக்கத்தை முழுதாகச் செதுக்கி முடித்துவிட்டு, அப்புறம் உள்ளே குடைந்து பல்பு வைத்தால் போதும் என்று நினைப்பது. ஒரு முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வெளிச்சத்தில் மூக்கு மேடு, அதில் ஒளி; கண்குழி பள்ளம், அதில் நிழல். நமக்கு முகம் என்றால் இந்தக் கணக்குதான். ஒளி உள்ளிருந்து வந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். மூக்கில் கல் தடிமன், அதனால் இருட்டு. கண்குழியில் கல் மெலிவு, அதனால் அங்கே தணல் போல எரியும். பகலில் சாந்தமாகப் புன்னகைக்கும் அம்மன், சுவிட்சைப் போட்டதும் மண்டையோடு ஆகிவிடுகிறாள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் இல்லை.

உள்பக்கமும் சிற்பம் என்று எடுத்துக்கொண்டால்தான் இது தீரும். மூக்குக்குப் பின்னால் ஆழமாகக் குடைய வேண்டும், கண்ணுக்குப் பின்னால் கல்லை விட்டுவைக்க வேண்டும். எங்கே இருட்டு வேண்டுமோ அங்கே தடிமன். நான் முதல் சுற்றில் சுவரை 20 மி.மீ. அளவில் நிறுத்திவிட்டு, அறையை இருட்டாக்கி, உள்ளே ஒரு சிறிய விளக்கை வைத்துக்கொண்டு மீதியை அரத்தாலேயே எடுக்கிறேன். தடிமன் அளக்கும் காலிப்பரை விடக் கல்லின் நிறமே நல்ல அளவுகோல். என் கைக்கு வந்த வெள்ளைக் கற்களில் தடிமனான இடம் கருஞ்சிவப்பாக இருந்து, குறையக் குறைய ஆரஞ்சு, தேன், பால் என்று மாறியது. பால் நிறம் வந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள், அதற்கு அடுத்தது ஓட்டைதான். முதல் வேலைக்கு முகம் வேண்டாம் என்பதே என் யோசனை. இலை, சங்கு, அலை மாதிரி ஏதாவது எடுங்கள். விளிம்பு மெலிய மெலிய அவற்றுக்கு அழகு கூடும்.

எத்தனை மி.மீ. சரி என்று எல்லோரும் கேட்கிறார்கள். கல்லைப் பார்க்காமல் எண் சொல்ல முடியாது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தின் (1963) மேல்பகுதிக்குச் சன்னலே கிடையாது. சுமார் 3 செ.மீ. தடிமனுள்ள வெர்மான்ட் பளிங்குப் பலகைகள்தான் சுவர். வெயில் அவற்றின் வழியே வடிகட்டி உள்ளே வருகிறது, பழைய நூல்களுக்குக் கேடில்லை. ஆனால் அங்கே பின்னால் நிற்பது சூரியன். உங்களிடம் இருப்பது 5 வாட் பல்பு. வாங்கிய கல்லிலிருந்தே ஒரு துண்டை ஆப்பு வடிவில், ஒரு முனை தடித்தும் ஒரு முனை மெலிந்தும் இருக்கும்படி தேய்த்து, நீங்கள் வைக்கப்போகும் விளக்கின் முன் பிடியுங்கள். விடை அதிலேயே இருக்கும்.

சூடு. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் படிகத்துக்குள் கட்டுண்ட நீர்தான். சூடுபட்டால் அது வெளியேறும், கல் ஒளியை இழந்து சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். ஜிப்சத்தைச் சுட்டு எடுத்தால் கிடைப்பதுதான் எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு போடும் பொடி. ஜிப்சம் அலபாஸ்டரை நீரில் இட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழ்வரை மெல்லச் சூடேற்றி, வேண்டுமென்றே மங்கவைத்துப் பளிங்கு போலக் காட்டும் பழைய உத்தி ஒன்று இத்தாலியில் உண்டு. அவர்கள் தெரிந்து செய்ததை நாம் கிரைண்டரை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்துத் தெரியாமல் செய்கிறோம். பழைய குண்டு பல்பும் அதையேதான் செய்யும். எல்.இ.டி. போடுங்கள். அதற்கும் அடிப்பாகம் சூடாகும் என்பதால் கீழே ஒன்று, கண்ணுக்குப் படாமல் மேலே ஒன்று என்று காற்றுத் துளை விடுங்கள்.

பல்பு சுவருக்கு மிக அருகில் இருந்தால் சிற்பம் தெரியாது, பல்புதான் தெரியும். அதைத் தள்ளி வையுங்கள், அல்லது பால் நிற அக்ரிலிக்கால் மறையுங்கள். இந்த விஷயத்தில் எனக்கு வியப்பு தீராத ஒரு பொருள் 1922-இல் கண்டெடுக்கப்பட்ட எகிப்திய அரசன் துட்டன்காமனின் கல்லறையில் இருந்தது: கால்சைட்டில் செய்த ஒரு விளக்குக் கிண்ணம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மெல்லிய பாத்திரங்கள். அரசனும் அரசியும் இருக்கும் ஓவியம் உள்பாத்திரத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. விளக்கு எரிந்தால் மட்டுமே அது தெரியும், அணைந்தால் வெறும் கல். மூவாயிரம் ஆண்டுக்கு முன்பே விளக்கு அணைந்த முகம், எரியும் முகம் என்று இரண்டையும் யோசித்திருக்கிறார்கள்.

ஒட்டு வேலையில் உலோக ஆணி போட்டால் எலும்பு போல நிழல் விழும். நிறமற்ற எபாக்ஸி பசை மட்டும் போதும். உப்புத்தாளை 120, 220, 400, 600, 1000 என்று படிப்படியாக நனைத்துத் தேய்க்க வேண்டும். ஒன்றைத் தாண்டினால் அந்தக் கீறல் கடைசிவரை கூடவே வரும். பளபளப்புக்கு எண்ணெய் தடவாதீர்கள், நாளாக ஆக மஞ்சளாகும். நிறமற்ற மெழுகு போதும். ஜிப்சம் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டு கிராம் கரையும், ஆகவே மழையும் அபிஷேகமும் ஆகாது. ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்திவிடுங்கள். தூசுக்கு என்-95 முகக்கவசம் கட்டாயம். மாவுக்கல்லும் கையில் எடுப்பவர் என்றால் அது மட்டும் போதாது, சில மாவுக்கற்களில் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கும்.

குடைந்த கல்லை மேசைமேல் நேராக வைத்து வேலை செய்யாதீர்கள், மணல் மூட்டை மேல் சாய்த்து வையுங்கள். என்னுடைய இரண்டாவது சிற்பம் மேசையில்தான் இரண்டானது. மூன்றாவது ஒரு சங்கு, இன்னும் முழுதாக இருக்கிறது. ஆனால் அதில் பல்பைப் பீடத்தோடு ஒட்டிவிட்டேன். போன மாதம் அது எரிந்துபோனது. மாற்ற வழியில்லாமல் இப்போது அந்தச் சங்கைப் பகலில் மட்டும் காட்டிக்கொண்டிருக்கிறேன்.