ஆப்பிரிக்கக் கிராமப் பள்ளியில் மரம் நடவும் சூழல் பாடம் நடத்தவும் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

2006-இல் கென்யாவின் நைரோபி நீதிமன்றத்துக்கு ஓர் ஆட்டைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பல் இல்லை. பாரிங்கோ ஏரிப் பக்கம் வாழும் இல்சாமுஸ் மக்கள் அரசின்மேல் போட்ட வழக்கில் அந்த ஆடும் ஒரு சாட்சி. பல்லைப் பறித்த குற்றவாளி நமக்கு நன்றாகத் தெரிந்த ஆள்தான்: சீமைக் கருவேலம். அங்கே அதை மத்தெங்கே என்கிறார்கள். விறகு கிடைக்கும், வறண்ட மண் பச்சையாகும் என்ற நல்ல எண்ணத்தில்தான் 1980-களின் தொடக்கத்தில் அதைக் கொண்டுவந்து நட்டார்கள். இனிப்பான காயைத் தின்று தின்று ஆடுகளுக்குப் பல் சொத்தையாகி விழுந்தது. முட்புதர் மேய்ச்சல் நிலத்தை மூடியது. மிச்சக் கதையை ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் தவறு இதுதான். எந்த மரம் நடுவது என்பதை ஊருக்கு வெளியே உட்கார்ந்து முடிவு செய்வது. சீக்கிரம் வளரும் என்பதற்காக யூகலிப்டஸைத் தேர்ந்தெடுத்து, ஓடைக்கரையிலேயே கொண்டுபோய் நட்டுவிடுகிறார்கள். அது தண்ணீரை எப்படி உறிஞ்சும் என்று அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். எந்த இலையை ஆடு தொடாது, எந்த மரத்தடியில் பயிர் நன்றாக வரும் என்பதெல்லாம் ஆடு மேய்க்கும் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட அத்துப்படி. சூழல் வகுப்பின் முதல் நாளில் நாம் மாணவராக உட்காருவது நல்லது.

அடுத்தது எண்ணிக்கைப் பைத்தியம். 'ஒரே நாளில் ஆயிரம் கன்றுகள்' என்று பேனர் கட்டிப் படம் எடுப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. கென்யாவின் பல பகுதிகளில் 'சிறு மழை' எனும் குறுகிய மழைக்காலம் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். நவம்பரில் நட்டால் கன்று பிடித்துக்கொள்ளும், சரி. ஆனால் அப்போதுதான் பள்ளிக்கு ஆண்டு விடுமுறை வருகிறது. வேலி இல்லாத பள்ளித் திடலில் மாடும் ஆடும் இறங்கும். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் மிச்சமும் காயும். பிள்ளைகள் திரும்பி வந்தால், வீட்டிலிருந்து மஞ்சள் பிளாஸ்டிக் கேனில் தூக்கி வரும் தண்ணீரில்தான் கன்றுக்கும் பங்கு. அதைத் தூக்குவது பெரும்பாலும் பெண் பிள்ளைகள். எனவே தண்ணீர் எங்கிருந்து வரும், விடுமுறையில் யார் பார்ப்பார்கள், இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்காமல் குழி தோண்ட வேண்டாம்.

கென்யாவின் சூழல் போராளி வங்காரி மாத்தாய் இதை எப்படிச் செய்தார் என்று பாருங்கள். 1977-இல் அவர் தொடங்கிய பசுமை வளைய இயக்கத்தில், கன்று வளர்த்த கிராமத்துப் பெண்களுக்குக் கன்றுக்குச் சில சென்ட் காசு கொடுத்தார்கள். அதுவும் பிழைத்த கன்றுக்கு மட்டும். மரம் வளர்க்கப் படிப்பு வேண்டும் என்று வனத்துறை அதிகாரிகள் சிரித்தபோது, அந்தப் பெண்கள் உடைந்த பானையில் விதை போட்டு, கோழி கிளறாதபடி உயரத்தில் வைத்து வளர்த்துக் காட்டினார்கள். 2004-இல் மாத்தாய்க்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு அந்தப் பரிசைவிட அந்த உடைந்த பானைதான் பெரிதாகத் தெரிகிறது.

சில இடங்களில் கன்றே தேவைப்படாது. நைஜர் நாட்டின் மராடி பகுதியில் ஆண்டுக்கணக்காகக் கன்று நட்டு, பெரும்பாலானவை செத்துப்போய்ச் சலித்திருந்தார் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர். 1983-இல் ஒருநாள் வழியில் வண்டியை நிறுத்தியவர், புதர் என்று நினைத்திருந்ததைக் குனிந்து பார்த்தார். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை துளிர்த்துக்கொண்டிருந்தது. வேர் மண்ணுக்குள் உயிரோடுதான் இருந்தது. தேவையில்லாத கிளைகளைக் கழித்து, மாடு கடிக்காமல் காத்தால் போதும். நைஜரில் இப்படி மீண்ட நிலம் சுமார் 50 லட்சம் ஹெக்டேர். பள்ளித் திடலில் இருக்கும் புதரைப் பிடுங்கிச் சுத்தம் செய்துவிட்டுக் கன்று நடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்புறம், பிள்ளைகளின் விளையாட்டை உழைப்பாக மாற்றும் ஆசை. பிளேபம்ப் என்று ஒன்று வந்தது. பிள்ளைகள் ராட்டினம் சுற்றினால் நிலத்தடி நீர் தொட்டிக்கு ஏறும். 2010-க்குள் 4,000 அமைக்கப்போவதாக 2006-இல் அறிவித்தார்கள். ஒன்றின் விலை சுமார் 14,000 டாலர். சொன்ன அளவு மக்களுக்கு அது தண்ணீர் தர, பிள்ளைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று கார்டியன் பத்திரிகை கணக்குப் போட்டது. பிள்ளைகள் களைத்துப்போன பிறகு பெண்கள்தான் வெட்கத்தோடு அதைப் பிடித்துச் சுற்றினார்கள். பழுதானால் பார்க்க ஊரில் ஆள் இல்லை. சாதாரணக் கைப்பம்பும், உள்ளூரில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேரும் இதைவிட எவ்வளவோ மேல்.

படம் எடுப்பது பற்றி ஒரு வரி: உங்கள் வீட்டுப் பிள்ளையை அழுக்குச் சட்டையோடு படம் எடுத்து நன்கொடை கேட்க விடுவீர்களா?

கடைசியாக, காட்டு விலங்கைப் பற்றிய பாடம். சிங்கம் அழகு, காப்பாற்றுங்கள் என்று சுவரொட்டி ஒட்டினால், நேற்று ராத்திரி மாட்டைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளை என்ன நினைக்கும்? நைரோபி தேசியப் பூங்காவின் ஓரத்தில் ரிச்சர்ட் டுரேரே என்ற, மாடு மேய்க்கும் மாசாய் இனச் சிறுவனுக்குச் சிங்கத்தின்மேல் வெறுப்புதான் இருந்தது. அப்பாவின் மாடுகளைக் காப்பது அவன் பொறுப்பு. தீ மூட்டிப் பார்த்தான், பலிக்கவில்லை. சோளக்கொல்லைப் பொம்மை வைத்தான். சிங்கம் ஒரு நாள் ஏமாந்து மறுநாள் வந்துவிட்டது. டார்ச்சோடு பட்டியைச் சுற்றி நடந்த இரவில் மட்டும் அது வரவில்லை. அசையும் வெளிச்சம் என்றால் சிங்கத்துக்குப் பயம் என்று பிடித்துக்கொண்டான். பழைய கார் பேட்டரி, மோட்டார் சைக்கிளின் இண்டிகேட்டர் பெட்டி, உடைந்த டார்ச்சுகளின் பல்புகள், ஒரு சோலார் பலகை: மாறி மாறி மின்னும் விளக்கு தயார். அப்போது அவனுக்கு 11 வயது. மாடும் பிழைத்தது, சிங்கமும் பிழைத்தது. கொஞ்ச நாளில், தன் ஆடுமாடுகளைச் சிங்கத்திடம் இழந்திருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, எனக்கும் ஒன்று போட்டுத் தருவாயா என்று கேட்டார்.