வீட்டில் கட்டும் விமானத்துக்கு வால் சக்கரம் வாங்கும்முன்

சின்ன சக்கரம்தானே, சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் டிராலி சக்கரத்தை மாட்டிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். தரையில் 80 கி.மீ. வேகத்தில் ஓடும்போது 6 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 2,700 சுற்றுக்கு மேல் சுழலும். டிராலி பேரிங் அதற்குச் செய்ததல்ல.

தார் ஓடுபாதையில் மட்டும் பறப்பவருக்குக் கெட்டி ரப்பர் சக்கரம் போதும். பஞ்சர் தொல்லை இல்லை, ஆனால் அதிர்வு கூடுதல். புல்தரை, மணல் என்றால் காற்றடைத்த பெரிய சக்கரம்தான் சரி. அப்புறம், எடையையும் பாருங்கள். 450 கிலோ விமானத்தில், எடைமையத்துக்கு (விமானத்தின் மொத்த எடையும் சமன்படும் புள்ளி) 4 மீட்டர் பின்னால் அரைக் கிலோ கூடினால் எடைமையம் 4 மி.மீ.க்கு மேல் பின்னோக்கி நகரும்.

விமானி காலால் மிதிக்கும் பெடலோடு திரும்பி, ஒரு கோணத்துக்கு மேல் பூட்டு விடுபட்டுத் தாராளமாகச் சுழலும் வகையை வாங்குவது நல்லது. நெருக்கடியான ஹேங்கரில் (விமானக் கொட்டகை) விமானத்தைக் கையால் தள்ளித் திருப்பும்போது அதன் அருமை தெரியும்.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் சுழல் அச்சின், அதாவது சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சின், சாய்வு. ஆளும் எரிபொருளும் ஏற்றிய நிலையில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அச்சு செங்குத்தாகவோ, மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்தோ இருக்க வேண்டும். சக்கரத்தை வாலோடு இணைக்கும் பட்டை ஸ்பிரிங் தளர்ந்து மேல்முனை முன்னால் சாய்ந்தால், இறங்கும்போது சக்கரம் இடவலமாகப் படபடவென உதறும். பலரும் சக்கரத்தை மாற்றுவார்கள், குற்றவாளி ஸ்பிரிங்காக இருக்கும்.

சென்னை உப்புக்காற்றுக்கு மூடிய பேரிங்காகக் கேளுங்கள். சுழல் அச்சில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.